சிங்கப்பூரில் சிங்கப்பால்: ஊஸோவும் அதன் உறவுக்காரர்களும், ஊற்ற வேண்டிய முறையில்

முதன்முதலாக ஊஸோ என்ற கிரேக்க மது ஒரு போத்தல் கைக்கு வந்தபோது நான் செய்த காரியம், அதைத் தூக்கி ஃப்ரீசரில் வைத்ததுதான். வோட்காவுக்குப் பழகிய கை. மறுநாள் மாலை மச்சான் வந்ததும் பெருமையாக எடுத்து மேசையில் வைத்தால், உள்ளே வெள்ளை வெள்ளையாக ஊசி மாதிரி ஏதோ மிதக்கிறது, அடியில் பஞ்சுபோல் படிந்திருக்கிறது. "கண்ணாடித் தூளா மச்சான் இது? நல்லா ஏமாத்திட்டாங்க உன்னை" என்றான். நானும் நம்பி, கால் போத்தலைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டேன். அப்புறம் ஃபோன் வந்தது, பேசிக்கொண்டே இருந்துவிட்டேன், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மீதிப் போத்தல் பளிங்கு மாதிரி தெளிந்து நிற்கிறது. கெட்டுப்போனது ஊஸோ இல்லை, என் அவசரம்.

அந்த ஊசிகளுக்குப் பெயர் அனெத்தோல். சோம்பில் வாசனை தருவது அதுதான், பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலும் அதுதான். மதுவில் கரையும், தண்ணீரில் கரையாது, நன்றாகக் குளிர்ந்தால் உறைந்து படிகமாகிவிடும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் கிரேக்கத்தின் ஊஸோ, துருக்கியின் ராக்கி, லெபனான், சிரியா பக்கத்து அராக் மூன்றையும் சரியாக ஊற்றத் தெரிந்துவிடும், ஏனென்றால் மூன்றும் சோம்புக்கு அக்காள் முறையான அனிஸ் விதையைப் போட்டுச் செய்பவைதான். நமக்கு இந்தச் சுவை புதிதே இல்லை. பந்தி முடிந்ததும் ஒரு சிட்டிகை சோம்பை வாயில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிற ஆட்கள் நாம்.

சரி, எப்படி ஊற்றுவது? நம் ஊரில் 'தண்ணி போடுவது' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் இங்கே நிஜமாகவே தண்ணீரைத்தான் போட வேண்டும். ஒடுங்கிய, உயரமான கண்ணாடிக் கிளாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், விஸ்கி கிளாஸ் வேண்டாம். ஊஸோ 30 மில்லி. அதன்மேல் ஃப்ரிட்ஜில் வைத்த குளிர்ந்த தண்ணீரை மெதுவாக, கிளாஸின் ஓரத்தோடு விடுங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. பிறகு அடியில் புகை மாதிரி ஒன்று சுருண்டு சுருண்டு கிளம்பும், இன்னும் கொஞ்சம் தண்ணீர் போனதும் திடீரென்று மொத்தமும் அரிசி களைந்த தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும். மதுவின் பிடி தளர்ந்ததும் கரைந்திருந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பிரிந்து மிதக்கிறது, அந்த வெண்மை அதுதான். வேதியியல்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'ஊஸோ விளைவு'. வெளுத்த பிறகுதான் ஐஸ், அதுவும் ஒன்றோ இரண்டோ. ஐஸை முதலில் போட்டு அதன்மேல் ஊஸோவை ஊற்றினால் அது சட்டென்று குளிர்ந்து, மேலே செதில் செதிலாக மிதக்கும், நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும். ஆக வரிசை இதுதான்: சரக்கு, தண்ணீர், ஐஸ். போத்தலை அலமாரியில் வைத்தால் போதும்.

அளவு நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். ஊஸோவில் மதுவின் அளவு சட்டப்படி 37.5 விழுக்காட்டுக்குக் குறையாது, பெரும்பாலும் 40 பக்கம் இருக்கும், ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் விட்டுக் குடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். துருக்கி ராக்கி பெரும்பாலும் 45, அதையும் பாதிக்குப் பாதி கலப்பார்கள், பக்கத்திலேயே தனித் தண்ணீர் கிளாஸ் ஒன்றும் இருக்கும். வெளுத்த ராக்கிக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'அஸ்லான் சூத்தூ', அதாவது சிங்கப்பால். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் எப்படி ஊற்றுவது? லெபனான் அராக் 50 விழுக்காடுகூட வரும், அதற்கு ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். அராக் விஷயத்தில் அவர்கள் பிடிவாதமாக ஒன்று செய்வார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் புதுக் கிளாஸ். ஆடம்பரம் என்றுதான் நானும் நினைத்தேன், ஆனால் குடித்து முடித்த கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உட்புறம் எண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கும், அதிலேயே அடுத்த சுற்றை ஊற்றினால் பிசுபிசுவென்று ஆகிவிடும். வீட்டில் அத்தனை கிளாஸ் இல்லையென்றால் கழுவிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்று, 'அராக்' என்ற சொல் மலாய்க்காரர் வாயில் எல்லா மதுவுக்கும் பொதுப்பெயர், அதனால் கடையில் வெறுமனே அராக் என்று கேட்டால் எது வேண்டும் என்று திருப்பிக் கேட்பார்கள். லெபனான் அராக் என்று சொல்லிக் கேளுங்கள்.

கிரீட் தீவில் ராக்கி என்று கேட்டால் கிடைப்பது வேறு. அது திராட்சைச் சக்கையிலிருந்து வடிப்பது, சிக்குடியா என்றும் சொல்வார்கள், அனிஸ் கிடையாது, தண்ணீர் விட்டால் வெளுக்காது. வெளுக்கவில்லையே, போலியோ என்று பயந்து என்னை மாதிரி தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த மூன்றில் எதையும் வெறும் வயிற்றில், நின்றுகொண்டு, ஒரே மூச்சில் குடிப்பதற்காக யாரும் செய்யவில்லை. நம் வீட்டு விருந்துகளில் ஒரு பழக்கம் உண்டு, முதலில் இரண்டு மணி நேரம் குடி, பத்தரைக்குமேல் சோறு, அதற்குள் பாதிப் பேருக்குச் சோறு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. அங்கே தட்டும் கிளாஸும் ஒன்றாகவே மேசைக்கு வரும். சின்னச் சின்னத் தட்டுகள், மெசே என்பார்கள். ஒரு வாய், ஒரு மிடறு, நிறையப் பேச்சு. பால் மாதிரி இதமாக இறங்குகிறதே என்று வேகம் பிடித்தால் எழுந்திருக்கும்போதுதான் கணக்குத் தெரியும்.

மெசேவுக்கு எங்கேயும் அலைய வேண்டாம், லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையே போதும். நெத்திலியை உப்பும் கொஞ்சம் மாவும் புரட்டி மொறுமொறுவென்று பொரியுங்கள், எலுமிச்சை பிழியுங்கள், ஊஸோவுக்கு அதைவிடப் பொருத்தமாக நான் எதையும் கண்டதில்லை. கணவாயை வளையமாக வெட்டிப் பொரிக்கலாம், சுடவும் செய்யலாம். துருக்கிக்காரர்கள் ராக்கிக்கு வைப்பது வெள்ளைப் பாலாடைக்கட்டியும் முலாம்பழமும், இது கேட்க விநோதமாக இருக்கும், நம் வெயிலுக்கு வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், பிறகு விட மாட்டீர்கள். தீபாவளிக்குச் சுட்டதில் ஓம முறுக்கு மிச்சம் இருந்தால் அதுவும் சேரும். சம்பல் திருக்கை? ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் மிளகாயும் 40 விழுக்காட்டு மதுவும் ஒன்றையொன்று ஏற்றிவிடும், வாய் எரிவதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஒன்று மட்டும் முதல் நாளே செய்து வைக்க வேண்டும், ட்ஸாட்ஸீக்கி என்ற கிரேக்கத் தயிர் வெள்ளரிக் கலவை. ஒரு கிலோ கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் கிண்ணம் வைத்து, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் விடுங்கள். காலையில் கிண்ணத்தில் தண்ணீர் இறங்கியிருக்கும், துணியில் வெண்ணெய் மாதிரி தயிர் நிற்கும். வெள்ளரிக்காயைத் துருவி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து, கைக்குள் வைத்து நன்றாகப் பிழிந்துவிடுங்கள். இதில்தான் எல்லோரும் சோம்பல் படுவார்கள், பிழியாவிட்டால் அரை மணி நேரத்தில் பச்சடி ஆகிவிடும். தட்டிய பூண்டு ஒரு பல், எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் புதினா. வெங்காயம் வேண்டாம், தாளிப்பும் வேண்டாம். என் அம்மா ஒருமுறை அன்பு மிகுதியில் கடுகு தாளித்துக் கொட்டிவிட்டார், அது தனி ருசி, ஆனால் கிரேக்கர் பார்த்தால் அழுதுவிடுவார்.

வைனுக்குப் போகும் முன் ஒரு பழங்கதை. பழைய கிரேக்கர்கள் வைனிலும் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள், அதற்கென்றே அகலமான கலவைத் தாழி வைத்திருந்தார்கள், கலக்காமல் குடிப்பவன் நாகரிகம் தெரியாதவன் என்பது அவர்கள் எண்ணம். அந்த வைன் நம் கரைக்கும் வந்திருக்கிறது. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் பருகி மகிழட்டும் என்று புறநானூறு வாழ்த்துகிறது, அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த ஓடுகளில் கோஸ் என்ற கிரேக்கத் தீவின் பாணியில் செய்த ஜாடிகளுடையவையும் இருக்கின்றன. கோஸ் வைனில் கடல்நீர் கலப்பது வழக்கம். பாண்டியன் கிளாஸில் இருந்தது அதுதானா தெரியாது, இருந்திருந்தால் கொஞ்சம் உப்புக் கரித்திருக்கும்.

இன்றைய கிரேக்க வைனில் ஒன்றே ஒன்று வாங்குவதானால் அசீர்த்திகோ வாங்குங்கள். சாந்தோரினித் தீவின் வெள்ளைத் திராட்சை. எரிமலை வெடித்து மூடிய சாம்பல் மண், மழை குறைவு, காற்றோ ஆளைத் தள்ளும், அதனால் கொடியைப் பந்தலில் ஏற்றாமல் தரையோடு கூடை மாதிரி வளைத்து வளைத்து முடைந்துவிடுகிறார்கள். பழங்கள் கூடைக்குள் பதுங்கிக்கொள்ளும், கடற்பனியின் ஈரத்தைக் கொடி வாங்கிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த பைலாக்ஸிரா பூச்சியால் அந்த மண்ணில் பிழைக்க முடியவில்லை, அதனால் மிகப் பழைய வேர்கள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன. விளைச்சல் குறைவு என்பதால் விலை ஏறத்தான் செய்யும். கை கடித்தால் கிரீட்டிலோ வடக்கு கிரேக்கத்திலோ விளைந்த அசீர்த்திகோவைப் பாருங்கள், மலிவாக இருக்கும், குணம் ஓரளவு அதேதான். நல்ல புளிப்பும், ஓர் உப்புச் சாயலும் உள்ள வைன், அதனால் புளி சேர்ந்த நம் மீன் சமையலோடு சண்டை போடாது, புளிப்பில்லாத வைனைப் புளிக்குழம்போடு வைத்தால் அது வெறும் தண்ணீராகத் தெரியும். மீன்தலைக் கறிக்கே வைத்துப் பார்த்திருக்கிறேன், காரம் குறைத்துச் செய்த வீட்டுக் கறியாக இருந்தால் சரியாக வரும், கடைக் கறியின் காரத்துக்கு மோஸ்கோஃபிலெரோ மேல். இது பெலொபொன்னீஸில் மான்தினியா மேட்டு நிலத்தில் விளைவது, பன்னீர்ப்பூ வாசம் அடிக்கும், மதுவின் அளவும் பெரும்பாலும் குறைவு. காரச் சாப்பாட்டுக்கு மது குறைந்த வைன், இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

ரெட்சினாவைப் பற்றி நம்மில் இரண்டு கட்சி. பைன் மரப் பிசினைப் புளிக்கும் சாற்றில் போட்டுச் செய்யும் வெள்ளை வைன், ஏதென்ஸைச் சுற்றிய அத்திக்கா பக்கம் சவத்தியானோ திராட்சையில் அதிகம் செய்கிறார்கள், பழங்காலத்தில் ஜாடியின் வாயைப் பிசின் வைத்து அடைத்த வழக்கத்தின் மிச்சம் என்பார்கள். தரை துடைக்கும் திரவம் மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். எனக்குப் பிடிக்கும். அரை லிட்டர் போத்தலில் வரும், நன்றாகக் குளிரவைத்து, பூண்டும் எண்ணெயும் தூக்கலாக இருக்கும் பொரியல் ஐட்டங்களோடு குடியுங்கள், பிடிக்கவில்லையென்றால் கட்சி மாறிக்கொள்ளலாம்.

சிவப்பில், வடக்கே நவுசாவின் ஸினோமாவ்ரோ. ஸினோ என்றால் புளிப்பு, மாவ்ரோ என்றால் கறுப்பு, 'புளிக்கறுப்பன்' என்று நம் நெல் ரகத்துக்கு வைக்கிற பெயர் மாதிரி இருக்கிறது. காய்ந்த தக்காளி, ஆலிவ் வாசனை, துவர்ப்பு அதிகம். ஆட்டிறைச்சியின் கொழுப்பு அந்தத் துவர்ப்பை அடக்கும், ஆனால் மிளகாய் அதைக் கிளப்பிவிடும், அதனால் சுக்காவை மிளகாய்த்தூளுக்குப் பதில் மிளகு போட்டு வறுங்கள். இவ்வளவு யோசிக்க விருப்பமில்லாதவர்களுக்கு நெமியாவின் அயோர்யீத்திகோ, எல்லோரோடும் ஒத்துப்போகிற சுபாவம். துருக்கியில் 'காளைக்கண்' என்று பொருள்படும் ஒக்குஸ்கொஸூவும், தொண்டையை உறுத்தும் என்ற பொருளில் பெயர் வைத்த போஆஸ்கெரேயும் உண்டு, இரண்டையும் கலந்தே பெரும்பாலும் விற்கிறார்கள், முதலாவது இரண்டாவதைக் கொஞ்சம் சமாதானப்படுத்தும். லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே கசாரா என்ற வைன் ஆலை 1857இல் பாதிரிமார் தொடங்கியது, 1930இல் தொடங்கிய ஷாத்தோ மூசார் 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரின் ஊடேயும் பெரும்பாலான ஆண்டுகளில் வைன் செய்திருக்கிறது. மூசார் சிவப்புப் பல ஆண்டு வைத்திருந்துதான் கடைக்கு வரும், அடியில் வண்டல் இருக்கும், முதல் நாளே போத்தலை நிமிர்த்தி வைத்து, மறுநாள் குலுக்காமல் ஊற்றுங்கள்.

வைன் போத்தல்களின் பின்பக்கம் 'அறை வெப்பநிலையில்' என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அது அவர்கள் ஊர் அறை. நம் வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறை ஏசி போடாவிட்டால் 30 டிகிரி, அந்தச் சூட்டில் எந்தச் சிவப்பும் இருமல் மருந்துதான். சிவப்பை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளையை மேசைக்கு வைப்பதற்குப் பத்து நிமிடம் முன் வெளியே எடுங்கள், அசீர்த்திகோ ரொம்பக் குளிர்ந்தால் வாயடைத்துப் போய்விடும். நாள்கணக்கில் வைத்திருப்பதானால் சமையலறை அலமாரி வேண்டாம், வெயில் படாத படுக்கையறை அலமாரியின் அடித்தட்டு பரவாயில்லை.

இனிப்புக்கு சைப்ரஸின் கொமண்டாரியா. ஸினிஸ்தேரி என்ற வெள்ளையும் மாவ்ரோ என்ற கறுப்பும், வெயிலில் வாட்டிப் பிழிவது. கொலோஸியில் கோட்டை கட்டி இருந்த சிலுவைப்போர் வீரர்களின் கொமாண்டரி என்ற நிர்வாகப் பகுதியிலிருந்து வந்த பெயர். அத்திப்பழமும் உலர்திராட்சையும் கலந்த ருசி, பால்கோவாவோடு 50 மில்லி போதும். குலாப் ஜாமுனோடு வைத்தால் வைன் தோற்றுவிடும். அல்லது கியோஸ் தீவின் மாஸ்திஹா, தீவின் தெற்கில் மரப்பட்டையைக் கீறினால் சொட்டுச் சொட்டாக வடியும் பிசினின் மணத்தில் செய்த இனிப்பு மது. இதை மட்டும் தாராளமாக ஃப்ரீசரில் வைக்கலாம், அனிஸ் இல்லை.

வாங்கும்போது விலையைப் பார்த்துக் கடைக்காரரைத் திட்டாதீர்கள், பாதி வரி. சிங்கப்பூரில் கடும்மதுவுக்கும் வைனுக்கும் தூய மது ஒரு லிட்டருக்கு வரி 88 வெள்ளி. 13 விழுக்காட்டு வைன் ஒரு முக்கால் லிட்டர் போத்தலுக்கு 8 வெள்ளி 58 காசு, 40 விழுக்காட்டு ஊஸோ 700 மில்லிக்கு 24 வெள்ளி 64 காசு, அதற்குமேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. மலிவு வைனில் வரிதான் பெரிய பங்கு என்பதால், இன்னும் பத்து வெள்ளி கூடப் போட்டால் அந்தப் பத்தில் பெரும்பகுதி வைனுக்கே போகிறது. பயணத்திலிருந்து கொண்டுவருவதானால் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வரக்கூடாது, அப்படியென்றால் ஒரு லிட்டர் கடும்மதுவும் ஒரு லிட்டர் வைனும் வரியில்லாமல் எடுத்துவரலாம். ஜொகூர் போய்த் திரும்பினால் அந்தச் சலுகை இல்லை. இரவு பத்தரைக்குமேல் காலை ஏழு வரை கடையில் வாங்கிப்போக முடியாது, பொது இடத்தில் உட்கார்ந்து குடிக்கவும் கூடாது, லிட்டில் இந்தியாவில் வாரயிறுதி விதிகள் இன்னும் கடுமை. எனவே நெத்திலி வாங்கப் போகும்போதே போத்தலையும் பார்த்துவிடுங்கள்.

மேசையில் குடிக்காதவர்களும் இருப்பார்கள், வண்டி ஓட்டிப் போக வேண்டியவர்களும் இருப்பார்கள், அவர்கள் கையில் கோலா டின்னைத் திணிக்காதீர்கள். அய்ரான் செய்யுங்கள், தயிர், தண்ணீர், உப்பு, நுரை வர அடித்தது, நம் நீர்மோரிலிருந்து கறிவேப்பிலையும் இஞ்சியும் கழித்தால் அதுதான். பிள்ளைகளுக்குக் கிரேக்கத்தில் 'நீர்மூழ்கி' என்று ஒன்று தருவார்கள், வெண்ணிலா அல்லது மாஸ்திஹா இனிப்புப் பசையைக் கரண்டியில் எடுத்துக் குளிர்ந்த தண்ணீர்க் கிளாஸில் முக்கித் தருவது, நக்கிக்கொண்டே தண்ணீரையும் குடிக்க வேண்டியது.

கடைசியில் கோப்பி. கிரேக்கரும் துருக்கியரும் இது யாருடையது என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், செய்முறை ஒன்றுதான். பவுடர் மாவு மாதிரி அரைத்திருக்க வேண்டும். நீண்ட கைப்பிடி வைத்த சின்னப் பாத்திரத்தில் ஒரு சின்னக் கோப்பைத் தண்ணீர், குவித்த ஒரு தேக்கரண்டி பவுடர், சர்க்கரையும் அப்போதே. பிறகு போட்டுக் கலக்க முடியாது, அதனால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் ஸ்கேத்தோ என்றால் சர்க்கரை இல்லாத நம் கோசோங், மெத்ரியோ என்றால் ஏறக்குறைய சர்க்கரை குறைத்த சியூ டாய், க்ளிக்கோ என்றால் நல்ல இனிப்பு, காப்பிக்கடையில் ஆர்டர் கொடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். சிறு தீயில் வைத்து, விலகாமல் பார்த்துக்கொண்டே இருங்கள், நுரை விளிம்புக்கு ஏறும்போது இறக்கிவிட வேண்டும், கொதித்தால் நுரை போச்சு. ஊற்றியதும் இரண்டு நிமிடம் தூள் அடங்கட்டும். கடைசி மிடறைக் குடிக்காதீர்கள், அது சேறு. மச்சானிடம் இதைச் சொல்ல மறந்துவிட்டேன், பல்லெல்லாம் கறுப்பாக என்னைப் பார்த்துச் சிரித்தான்.